கையைக் காட்டினால்தான் ரயில்

பாகிஸ்தான் சண்டை நடந்த வருடம். ரயிலுக்கு எவனாவது வெடி வைத்துவிடுவான் என்று விருதுநகர் ஸ்டேஷனில் சோதனை போட்டார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. எல்லார் மூட்டையையும் சோதித்திருந்தால் அதில் நியாயம் உண்டு. அவர்கள் முதலில் பார்த்தது கையை. பட்டாசு ஆபீஸில், அதாவது பட்டாசு ஆலையில், வேலை செய்கிறவர்களின் நக இடுக்கில் அலுமினியப் பொடி ஒட்டியிருக்கும், லேசில் போகாது. அந்தக் கை தெரிந்தால் ஆளை ஓரமாக நிறுத்திவிடுவார்கள்.

வெடிமருந்து கலக்கும்போது தீப்பிடித்து என் வீட்டுக்காரருக்கு ஒரு கண் போயிருந்தது. மற்றக் கண்ணை மதுரையில்தான் காப்பாற்ற முடியும் என்றார்கள். அங்கே கண் டாக்டர் வாரத்தில் அன்று ஒருநாள்தான் பார்ப்பார். காலை வண்டியை விட்டால் அந்தக் கண்ணும் போனதுதான். முந்தின நாள் வரை பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைத்த கை என்னுடையது. எங்கே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து, புளியும் சாம்பலும் போட்டுத் தோல் எரிய எரியத் தேய்த்துக் கழுவினேன்.

"என்ன, கையை இம்புட்டுத் தேச்சிருக்க? எதை மறைக்கே?" என்றான் போலீஸ்காரன்.

"ஆஸ்பத்திரிக்குப் போறோம்யா. வண்டியை விட்டா இவுக கண்ணு போயிரும்."

அழுக்குக் கை குற்றம், கழுவிய கை அதைவிடப் பெரிய குற்றம். இரண்டு கண்ணிலும் கட்டோடு நின்றவரின் மடியைத் தடவினான். தூக்குச்சட்டியைத் திறந்து, வெற்றிலை எச்சில் துடைத்த விரலைக் கம்பஞ்சோற்றுக்குள் விட்டுக் கிளறினான். சீ, அவனும் ஒரு மனுசன்.

அந்த நேரம் எங்கள் கம்பெனிக் கணக்கப்பிள்ளை வந்தார். பின்னால் போர்ட்டர் தலையில் சாக்கில் வைத்துத் தைத்த பார்சல். மதுரையில் ஓர் அதிகாரி வீட்டுக்குத் தீபாவளி வெடி. முந்தின நாள் அதை அடுக்கிக் கட்டியவளே நான்தான்.

"வாங்கய்யா, சௌக்கியமா இருக்கீகளா?" போலீஸ்காரன் பல்லைக் காட்டினான். பார்சலை ஒரு கை பிடித்து வண்டியில் ஏற்றியும் விட்டான். கணக்கப்பிள்ளையின் கையை யாரும் பார்க்கவில்லை.

வண்டி ஊதிய பிறகுதான் எங்களை விட்டார்கள். என் வீட்டுக்காரரைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடி ஏறினேன். உட்கார்ந்து குனிந்தால், பலகைக்கு அடியில் அந்தப் பார்சல். கணக்கப்பிள்ளையைக் காணோம். அதை இந்தப் பெட்டியில் போட்டுவிட்டு, தள்ளி வேறு பெட்டியில் போய் உட்கார்ந்திருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அல்லவா. எதிரே ஒருவர் பீடி பற்றவைத்தார். அணைக்கச் சொன்னேன். சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இழுத்தார்.

அடியில் வெடி இருக்கிறது என்று சொன்னால், தீயில் ஒரு கண்ணைக் கொடுத்த என் வீட்டுக்காரர் பயந்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுவார். இறங்கினால் கண் போய்விடும். பார்சலைக் காலால் உள்ளே தள்ளி, அந்தப் பீடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சினார். "மருந்து வாடை அடிக்கு. கையை நல்லாக் களுவலையா?"

"களுவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, எரிகிற கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.