குழாயில் கட்டிய மஞ்சள் கயிறு

பிள்ளைகளே, இன்று ஆடிப்பெருக்கு. இந்தப் புனேயில் காவிரிக்கு எங்கே போவது? அதனால் உங்கள் அம்மா சமையலறைக் குழாயில் மஞ்சள் கயிறு கட்டிக் கும்பிட்டாள். நீங்கள் இருவரும் அதில் கை கழுவிவிட்டு, மூடாமலே டிவி பார்க்கப் போய்விட்டீர்கள். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும்தான் அப்படிக் கத்தினேன்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு ஆடிப்பெருக்கு. நானும் என் அம்மாவும் கைலாசபுரத்திலிருந்து பஸ் ஏறி, தூக்குவாளியில் புளிசாதத்தோடு ஸ்ரீரங்கம் அம்மாமண்டபம் படித்துறைக்குப் போனோம். காவிரியில் தண்ணீரே இல்லை, வெறும் மணல். கரையில் வரிசையாக ஷவர் வைத்திருந்தார்கள்.

"இதுல குளிச்சிட்டுக் கும்பிட்டுக்குங்கம்மா," என்றார் அங்கே நின்றவர்.

"சோறு போட்டவளுக்கு நன்றி சொல்ல வந்தா குழாயக் காட்டுறீங்களே! அவ எங்கங்க?" என்று அம்மா சீறினாள்.

விறுவிறுவென்று மணலில் இறங்கிக் கையாலேயே தோண்டினாள். நானும் தோண்டினேன். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டியது. காவிரிக்குப் படைக்கக் கொண்டுவந்த காதோலையையும் கருகமணியையும் அங்கே வைத்து, "இங்கதான் இருக்கியா தாயி? இப்படியா பண்ணிட்டானுங்க உன்னய?" என்றாள். அந்த ஈரத்தின் குளிர்ச்சி இன்னும் என் விரல்களில் இருக்கிறது.

கத்தியதற்கு நான் வருத்தப்படவில்லை. புளிசாதம் தயார். கை கழுவிவிட்டு, குழாயை மூடிவிட்டு, சாப்பிட வாருங்கள்.