வெள்ளிமலை அண்ணனின் டவர்

எங்கள் குடும்பத்துக்குள் போக்கர் சீட்டாட்டம் வந்தது என் நாத்தனாரால்தான். என் வீட்டுக்காரரின் அக்கா; நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி சின்னசேலத்தில் இருக்கிறார். அவருடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், வெள்ளிமலையில் அறை எடுத்துத் தங்கி வாத்தியார் வேலை பார்க்கிறார். கள்ளக்குறிச்சியில் நானும் என் வீட்டுக்காரரும். சாயங்காலமானால் நான்கு பேரும் போனில் ஒரே மேசையில் உட்காருவோம். காசு கிடையாது. பந்தயம் வைக்க ஆப் இனாமாகக் கொடுக்கிற சிப்ஸ் என்கிற வில்லைகள்தான். ஆனால் ரோஷம் உண்டு.

ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக வரும். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாக விரியும். கையில் நல்ல சீட்டு இருந்தால்தான் ஜெயிக்கலாம் என்றில்லை. இருப்பதாக மற்றவர்களை நம்பவைத்து, அவர்கள் பயந்து சீட்டை வீசி விலகிவிட்டாலும் ஜெயம்தான்.

விதிகளை ஆப் பார்த்துக்கொள்ளும். மரியாதையை அண்ணி பார்த்துக்கொள்வார். ஒருமுறை என் வீட்டுக்காரர் சீட்டை வீசிவிட்டு, "ஐயோ, ராஜாவப் போட்டுட்டனே!" என்று எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் புலம்பினார். உடனே அண்ணியிடமிருந்து போன்.

"வீசிட்டவனுக்கு இன்னாடா பேச்சு? ஒங்கிட்ட ராஜா இருந்துச்சுன்னு தெரிஞ்சா ஆடிகினு இருக்கறவங்க கணக்கே மாறிடும். வாய மூடிகினு பாரு."

அண்ணன் மட்டும் ஒருநாளும் திட்டு வாங்கியதில்லை. ஆனால் அவர் முறை வந்தால் ஆட்டம் அப்படியே நின்றுவிடும். திரையில் நேரத்தைக் காட்டும் வட்டம் தேய்ந்துகொண்டே போகும். இவ்வளவு யோசிக்கிறார் என்றால் பெரிய சீட்டாகத்தான் இருக்கும் என்று நாங்கள் ஒவ்வொருவராக வீசிவிடுவோம். பிறகு அவரிடமிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும்: "டவர்." மலையில் சிக்னல் இல்லை என்று அர்த்தம். அண்ணி அதை மன்னித்துவிடுவார்.

நான் நர்ஸ். போலியோ சொட்டு மருந்து முகாமுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வெள்ளிமலைக்கு அனுப்பினார்கள். முகாம் அண்ணனின் பள்ளிக்கூடத்தில்தான் நடந்தது. எல்லாம் முடிந்ததும் டீ குடிக்க அவர் அறைக்குப் போனேன். மாடியில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். கையில் போன். வட்டம் தேய்ந்துகொண்டிருந்தது. மேலே சிக்னல் கோடுகள் முழுசாக இருந்தன.

"அண்ணா, டவர் ஃபுல்லா இருக்குதே?"

"மெதுவா பேசும்மா. மொதல்ல நெஜமாவே டவர் கெடைக்காமதான் நின்னுச்சு. நான் நின்னா நீங்கல்லாம் பயந்துகினு வீசுனீங்க. அப்படியே பழகிப்போச்சு. அண்ணிகிட்ட சொல்லிடாத."

அதற்குள் மற்ற இருவரும் வீசிவிட்டார்கள். அண்ணன் தன் சீட்டைக் காட்டினார். ஒரு ரெண்டு, ஒரு ஏழு. இருப்பதிலேயே மட்டமான சீட்டு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த ஆட்டத்தில் நானும் சேர்ந்தேன். அடுத்தவர் சீட்டைப் பார்ப்பது மரியாதையில்லை என்று தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்பது ஜோடியாக வந்திருந்தது, நல்ல சீட்டுதான். அண்ணன் பந்தயத்தை ஏற்றிவிட்டார். மற்றவர்கள் ஒதுங்கினார்கள், நான் மட்டும் நின்றேன். மறுபடி அவர் முறை வந்ததும் வட்டம் தேய்ந்தது. முறுக்குச் சத்தம் கேட்டது. கடைசி நொடியில் இன்னும் ஏற்றிவிட்டு, "டவர்" என்று போட்டார். நான் இருந்த மொத்தத்தையும் வைத்தேன்.

தொட்டிக்கு மேலே அவர் தலை தெரிந்தது. "தங்கச்சி, இது ஞாயமா?"

"ஆட்டம் நடக்கறப்ப பேசக்கூடாதுங்கண்ணா."

பின்வாங்க மனமில்லாமல் அவரும் மொத்தத்தையும் வைத்தார். போயிற்று.

அடுத்த நிமிடம் அண்ணி வீடியோ காலில் வந்தார். "அந்தாளு சிப்ஸ் மொத்தத்தையும் எப்படிம்மா புடிங்கின?" என்று சந்தோஷமாகக் கேட்டவர், சட்டென்று நிறுத்தினார். "ஒம் மூஞ்சி கண்ணாடி மாதிரி தெரியுது. பின்னாடி அவரு முறுக்கு துன்றதுகூட தெரியுது. அங்க டவர் இல்லன்னாரே?"

அண்ணன் குனிந்து உட்கார்ந்தார். பிரயோஜனமில்லை.

தீர்ப்பு இருவருக்கும் வந்தது. அவர் பொய் சொன்னதற்கு. நான் தெரிந்துகொண்டே ஆடியதற்கு. "ரெண்டு பேரும் ஒரு வாரம் மேசப் பக்கம் வராதீங்க."

அதில் உண்மையில் மாட்டிக்கொண்டவர் என் வீட்டுக்காரர். அக்காவோடு தனியாக ஆடி தினமும் தோற்றார். "பாவம், அவங்கள சேத்துக்கோக்கா" என்று எங்களுக்காகப் பரிந்து பேசிப் பார்த்தார். அண்ணி அசையவில்லை.

அந்த வாரம் அண்ணன் எனக்குப் போன் செய்தார். "ஆடாம இருக்கறதும் நல்லாத்தான் இருக்குது தங்கச்சி. பரீட்ச பேப்பரெல்லாம் திருத்தி முடிச்சிட்டேன்" என்றார். குரலில் துளியும் வருத்தம் இல்லை.