பூசாத வீட்டு நிலாணி

நிலாணி என்ற பேரை நான் முதன்முதல் கேட்டது தொலைபேசியில், பாலேஸ்வரியின் வாயால். "மாமி, என்ரை தம்பி பெஞ்சாதி நிலாணிக்கு விசர் பிடிச்சிட்டுது. குதிரைவண்டி ஓடின காலத்து வீடொண்டை வாங்குவிச்சுப்போட்டாள்." பாலேஸ்வரியும் தம்பி வாகீசனும் என் அம்மாவின் சித்தப்பா வழிச் சொந்தம்.

குடிபூரலுக்குப் பால் காய்ச்சப் போனேன். ஸ்காபரோவில், ஆரோ ஒரு ஆங்கிலேயன் வயலில் பொறுக்கிய கல்லால் கட்டிய வீடு. மூலைகளில் மட்டும் செதுக்கிய கல், இரு முனையிலும் புகைபோக்கி. யன்னல் குழிக்குள் ஒரு பிள்ளை ஏறி உட்காரலாம், அவ்வளவு தடித்த சுவர். நிலாணி வளர்ந்தது சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில், பக்கத்து வீட்டு இருமல் கேட்கிற சுவருக்குள். அவளுக்கு இந்தச் சுவர்தான் வேண்டியிருந்தது.

எங்கள் சனத்துக்கோ பூசாத சுவர் என்றால் அரைகுறையில் விட்ட வீடு. பாலேஸ்வரி வாசலிலேயே நின்றாள்.

"ஏன்ரா தம்பி, பூசி முடிக்க முதல் குடிபூந்திட்டியள்?"

"இது பூசுற வீடில்லை மச்சாள். உள்ளை போற ஈரம் வெளியிலை வரவேணும். கல்லு மூச்சு விடவேணும்," என்றாள் நிலாணி.

"கல்லு மூச்சு விடுதாம்! அப்ப குறட்டையும் விடுமோ?"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. வாகீசன் நிலத்தைப் பார்த்தான்.

அந்த ஆவணியில் நிலாணி தாயின் கண் ஒப்பரேசனுக்கு மொன்றியல் போனாள். திரும்பி வர, வீட்டின் முகத்தைக் காணவில்லை. வாகீசனும் தமக்கையும் ஆள் பிடித்து முன்சுவர் முழுக்கச் சீமெந்து பூசி, சந்தன நிறப் பெயின்றும் அடித்திருந்தார்கள். அவளை ஒரு சொல் கேட்காமல்!

பனிகாலத்தில் உள்ளே அடைபட்ட ஈரம் உறைந்து பருத்தது. பனி கரையத் தொடங்கியதும் பூச்சு பாளம் பாளமாக விழுந்தது, கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு. உள்சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சணம்.

நானும் போய் நிற்க, அதைப் பார்த்த பிறகும் பாலேஸ்வரிக்கு வாய் அடங்கியதா? "நான் அப்பவே சொன்னனான், உந்தக் கிழட்டு வீடு வேண்டாமெண்டு. வித்துப்போட்டு அஜக்ஸிலை புதுசா ஒண்டு வாங்குங்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாலேசு, சுகமா இருந்த பிள்ளைக்கு நஞ்சைப் பருக்கிப்போட்டு, பிள்ளை பிறவியிலையே நோயாளி எண்டு சொல்லுறியோ?"

"மாமி, நீங்கள் சும்மா இருங்கோ."

"அக்கா, காணும், நிப்பாட்டு," என்றான் வாகீசன். அதைப் பால் காய்ச்சின அன்றே சொல்லியிருக்கக் கூடாதா?

"நான் விக்கமாட்டன்," என்றாள் நிலாணி.

கல்வேலைக்காரர் வந்து உளியால் சீமெந்தைக் கொத்தியெடுத்துச் கல்லிடுக்குகளில் ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்புச் சாந்து வைக்கிறார்கள். முகம் உரிந்த கற்கள் உரிந்தபடிதான். நிலாணி அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.