மதலைமுத்துவின் நாவல் கன்று

லாயிட் என்ற பேரை ஞானம்மாள் முதன்முதலில் கேட்டது விவேக் நகர்க் கோவில் வாசலில், வசவோடுதான்.

"நாம நட்ட கன்னையெல்லாம் பிடுங்கிப் போடுறானாம், லாயிட்டுன்னு ஒருத்தன்," என்றாள் மகளிர் சங்கத்துக் கிரேஸ்.

கல்லறைத் திருநாளுக்கு, இறந்தவர் பேரில் வீட்டுக்கொரு கன்று என்று, நகரத்துக்கு வெளியே சும்மா கிடந்த மேட்டில் சங்கம் நட்டிருந்தது. யாரையும் கேட்கவில்லை, கன்று நட யாரைக் கேட்பார்கள்? ஞானம்மாள் தன் வீட்டுக்காரர் மதலைமுத்து பேரில் நாவல் வைத்தாள். புண்ணியத்தில் பாதி தனக்கும் சேரும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே சிவாஜிநகரில் பஸ் ஏறினாள். வழியெல்லாம் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்தாள். நல்ல நல்ல வார்த்தைகள், அத்தனையும் வீண்.

மேட்டில் கடப்பாரையோடு நின்றவனைப் பார்த்ததும் வழக்கம்போல் வாய் முந்திக்கொண்டது. "நீ யார் வீட்டுப் புள்ளடா?"

"கே.ஜி.எஃப். தங்கச் சுரங்கத்துப் பக்கங்க. அம்மா பேரு பெட்டி."

"சுரங்கத்துல பாறை துளைச்ச டிரில்லர் சாமுவேல் மகளா?"

"ஆமாங்க."

தீர்ந்தது. சாமுவேல் மதலைமுத்துவுக்குச் சித்தப்பா. பெட்டி இவளுக்கு நாத்தனார் முறை. நாத்தனார் மகனை எப்படித் திட்டுவது? முதலில் திட்டிவிட்டு அப்புறம் உறவு விசாரிக்கிற புத்தி இந்த வயசிலும் வரவில்லை.

"மதலைமுத்து பொண்டாட்டிடா நான், உனக்கு அத்தை. அவர் பேர்ல வெச்ச நாவலும் இங்கதான் நிக்குது. ஏண்டா பிடுங்குற?"

"இது மரக்காடு இல்ல அத்தை, புல்லுக்காடு. இத மீட்கத்தான் எனக்குச் சம்பளம். அங்கங்க நிக்குற கருவேலம் போதும். நெருக்கி வெச்சா நிழல்ல புல்லு செத்துடும். அப்புறம் தரையில முட்ட வைக்கிற வானம்பாடி எங்க போகும்? புல்லுக்குச் சம்பளமான்னு வெக்கப்பட்டு, வெளிய யாராவது கேட்டா எங்கம்மா மகனுக்கு கம்ப்யூட்டர் வேலைன்னுடும்."

ஞானம்மாளுக்கு வானம்பாடி தெரியாது. நிழல் தெரியும். மதலைமுத்து சுரங்கத்திலிருந்து மேலே வந்தால் நடுவெயிலில்தான் கட்டிலைப் போடுவார். "இருட்டெல்லாம் கீழயே பாத்தாச்சு, போ," என்பார். அந்த மனுஷனுக்குப் போய் நாவல் மரம்! உயிரோடு இருந்தபோதும் கேட்காமலே காப்பியில் சர்க்கரை அள்ளிப் போட்டவள்தானே.

"மாமா கன்ன மட்டும் விட்டுடட்டுமா அத்தை?"

"விட்டா, சொந்தக்காரின்னு சலுகையான்னு கிரேஸ் என்னைக் கிழிச்சுடுவா. தள்ளு, நானே எடுக்குறேன்."

கன்று அசையவில்லை. லாயிட் கடப்பாரையால் நெம்பியதும் சட்டென்று வந்தது. ஞானம்மாள் புல்லில் மல்லாந்தாள். மேலே மறைப்பே இல்லாமல் வானம். இங்கே கட்டில் போட்டிருந்தால் மனுஷன் எழுந்திருக்கவே மாட்டார் என்று தோன்றியது.

"அத்தை, அடிபட்டுச்சா?"

"பட்டது மானம்தான். தூக்கிவிடுடா."

கன்றை வேர்மண்ணோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில், பெட்டி இப்போது குடியிருக்கும் ஜீவனஹள்ளிக்குப் போய், அவள் வீட்டு வாசலில் ஊன்றினாள். ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில், "அந்த லாயிட் நம்ம வீட்டுப் புள்ளதான்," என்று அவளாகவே போய்ச் சொன்னாள். மற்றவர்கள் அவளுக்காகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் வீணாகவில்லை.

லாயிட் இப்போதும் அந்தப் புல்வெளியில்தான் வேலை செய்கிறான். ஜீவனஹள்ளியில் அம்மாவோடு இருக்கிறான்.