கல்லை நகர்த்திய அண்ணன்

சின்னச்சாமி அண்ணன் இறந்த செய்தி எங்கள் பனியன் கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் நம்பவில்லை. எதையும் விசாரிக்காமல் நம்புகிற ஆள் நானில்லை. அவர் வீட்டுக்கே போன் போட்டுக் கேட்டேன். உண்மைதான்.

இருபது வருடம் செக்கிங் மேசையில் எதிரெதிரே நின்றோம். துணியை விளக்குக்கு மேல் விரித்து, ஓட்டை தெரிந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவது எங்கள் வேலை. "நல்லாத்தான் இருக்கும்னு நெனச்சுப் பாத்தா ஓட்டை தெரியாதுங்க தம்பி" என்பார். அந்தக் கண்ணோடு நான் அவரையே பார்த்தேன்.

குன்னத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்க் குளத்தை அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதற்கு மனு மேல் மனு போட்டு அலைந்தவர் அண்ணன். கரையை ஒட்டி அவருக்குத் தோட்டம் இருந்தது. சும்மாவா அலைவார் என்று எனக்குள் அரித்தது. அரசாங்கத்தின் மேலும் நம்பிக்கையில்லை. பலகை வைப்பார்கள், எல்லைக்கல் நடுவார்கள், அப்புறம் கல்லுக்குக் கால் முளைக்கும்.

ஒரு ஞாயிறு காலை, அண்ணன் கடப்பாரையால் எல்லைக்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்ததைக் கண்ணாலேயே பார்த்தேன். ஆள் மாட்டினார் என்று கலெக்டர் அலுவலகத்துக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டேன்.

சர்வேயர் வந்தார். நானும் ஒன்றும் தெரியாதவன்போல் கூட்டத்தில் நின்றேன். பழைய வரைபடத்தை வைத்து அளந்தவர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, கல்லைக் குளத்துக்குள்ள தள்ளுற ஆளைத்தான் பாத்திருக்கறேன். நீங்க உங்க தோட்டத்துக்குள்ள கொண்டாந்து நட்டிருக்கீங்க?"

"எங்கப்பன் காலத்துல வேலியைக் குளத்துப் பக்கமாத் தள்ளிப் போட்டதுங்க. அந்த வேலியைப் பாத்தே கல்லு நட்டுட்டாங்க. மறுக்கா அளக்கச் சொன்னா ஆரும் வரலீங்க. நாரை கூடு கட்டற கருவேல மரமெல்லாம் எங்கிட்ட மாட்டிக்கிச்சு. நா இருக்கறவரைக்கும் வெட்டமாட்டேன். எனக்கப்பறம் ஆருங்க காவலு?"

அவர் நட்ட இடமே சரி என்று சர்வேயர் எழுதிக்கொண்டார். மரங்கள் குளத்தோடு சேர்ந்தன.

மறுநாள் மேசையில் அண்ணன் சொன்னார்: "கடுதாசி போட்டவன் நல்லா இருக்கோணும். நாஞ் சொல்லி வராத சர்வேயரு, அவன் சந்தேகப்பட்டதும் வந்துட்டாரு பாருங்க."

நான் துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தெரிந்துதான் சொன்னாரா என்று இன்றும் சந்தேகம்.

அவரை அறிந்தவர்களே, அந்தக் கடுதாசியை எழுதியவன் நான். அவரிடம் சொல்லாமலே விட்டதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவருடையது என்று என்னிடம் மிஞ்சியிருப்பது, ஞாயிறுதோறும் அவர் குளக்கரையைச் சுற்றி நடந்த நடைதான். ஒவ்வொரு கல்லாக அசைத்துப் பார்த்துக்கொண்டு போகிறேன். ஒன்று நகர்ந்திருந்தாலும் மறுபடி கடுதாசி போடுவேன். இந்த முறை கீழே என் பெயர் இருக்கும்.