வரவேற்புரை இல்லாத கூட்டம்

தொழிற்சங்க அமைப்பாளர் வேலை எண்டது, மற்றவையின்ரை இடைவேளையிலை போய் நிண்டு கதைச்சுத் தன்ரை தேத்தண்ணியை ஆறவிடுற வேலை. இளசுகளைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டுப்போட்டு வெறுங்கதிரையளைப் பாத்துக்கொண்டு நிண்ட ஆக்களெண்டால் கிட்ட வாங்கோ, நானும் உங்கடை கட்சிதான்.

குத்துவிளக்கு

சிட்னி மேற்கிலை ஒரு வெயார்ஹவுஸ். பெட்டி அடுக்கிறது முக்காவாசி படிக்கிற பிள்ளையள். நாளைக்கு எத்தினை மணிக்கு வேலையெண்டு முதல்நாள் இரவுதான் போனிலை மெசேஜ் வரும். ஸ்ட்ராத்ஃபீல்டிலை இருந்து வாற ஆதிரை நர்சிங் படிக்கிறவள். இந்தக் கூத்தாலை லாப் வகுப்புகளை விட்டு விட்டு, இன்னும் ஒண்டு விட்டால் பாடத்தையே திருப்பிப் படிக்கவேணும் எண்ட நிலை. இளசுகள் சேர்ந்து கேட்டால்தான் மனேஜர் அசைவார்.

கூட்டத்தை ஹரிஸ் பார்க்கிலை ஒரு மண்டபத்திலை வைச்சம். கிளைத் தலைவர் சிவராசா அங்கிள், அதே வெயார்ஹவுசிலை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறவர், நல்ல மனிசன். ஆனால் மைக் கையிலை வந்தால் போச்சு. விளக்கேத்தி, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிஞ்சு மெசேஜ் விசயம் வரேக்கை பிள்ளையள் ஒவ்வொண்டாய் எழும்பிப் போயிட்டுதுகள். ஆதிரை இங்கை பிறந்தவள், இங்கிலிஷிலைதான் பதில் சொல்லுவாள். கோவம் வந்தால் மட்டும் தமிழ். படியிலை வைச்சுச் சொன்னாள்: "அன்ரி, கலியாண வீடெண்டாலும் இவ்வளவுக்கு சாப்பாடு போட்டிருப்பினம்."

இளைஞர் அணி

செயற்குழு கூடி, இளசுகளை இழுக்க இளைஞர் அணி ஒண்டு வேணுமெண்டு ஏகமனதாய் முடிவெடுத்தது. எனக்குச் சந்தோசம் தாங்கேல்லை. பிறகு அணித் தலைவராய்க் குணம் அண்ணையைப் போட்டினம். அவருக்குப் பேரப்பிள்ளை நடக்கத் தொடங்கீட்டுது. பிள்ளையளுக்குக் குடுத்த பொறுப்பு, கதிரை அடுக்கி வடை பரிமாறுறது. எனக்கு வந்த விசருக்கு, ஏனப்பா இவரை எண்டு கேட்டன். சிவராசா அங்கிள் ஆறுதலாய்ச் சொன்னார்: "எங்களுக்குள்ளை இவனுக்குத்தான் இன்னும் முழங்கால் நோவு வரேல்லை."

கார் பார்க்

நான் தோத்துப்போய், கூட்டத்தை எங்கை வைப்பமெண்டு ஆதிரையையே கேட்டன். இடைவேளையிலை, கார் பார்க்கிலை, பத்து நிமிசம் எண்டாள். மைக் இல்லை, மேடை இல்லை. பிள்ளையள் பால்பெட்டியளைக் கவிட்டுப்போட்டு இருந்துதுகள். தலைவர் இல்லாமல் என்ன கூட்டமெண்டு அங்கிளும் வந்தார். கையிலை எழுதின பேச்சு, கக்கத்துக்குள்ளை பொன்னாடை. முன்வரிசை இல்லாதபடியால் அவரும் ஒரு பெட்டியிலை குந்தினார்.

"இரவு மெசேஜாலை ஆருக்கெல்லாம் என்ன குழம்பினது?" ஆதிரை இவ்வளவுதான் கேட்டாள். பரீட்சை, பிறந்தநாள், பல்லு டொக்டர் எண்டு எல்லாம் வெளியிலை வந்துது. கடைசியிலை அங்கிளின்ரை கையும் மெல்ல எழும்பினது. மனிசியின்ரை கண் ஒப்பரேசனுக்கு அவரால் கூடப் போகேலாமல் போச்சாம். ஏன் அங்கிள் ஒரு கூட்டத்திலையும் சொல்லேல்லை எண்டு ஆதிரை கேட்டாள். "எல்லாக் கூட்டத்திலையும் நான்தானே பிள்ளை கதைக்கிறனான், என்னை ஆர் கேட்டது?"

பொன்னாடை

அடுத்த இடைவேளையிலை எல்லாரும் ஒண்டாய் மனேஜரின்ரை அறைக்குப் போனம். ஆதிரை கதைச்சாள், அங்கிள் பக்கத்திலை வாய் திறக்காமல் நிண்டார். அதைப் பாத்த எனக்கே நம்பேலாமல் இருந்துது. மனேஜர் கொஞ்சநாள் இழுத்தடிச்சுப்போட்டு, இனி ஒரு கிழமைக்கு முன்னமே நேரம் தருவன் எண்டு ஒத்துக்கொண்டார்.

கிளைப் பிரதிநிதியாய் ஆதிரையைத் தெரிஞ்செடுத்த அண்டைக்கு, அங்கிள் அந்தப் பொன்னாடையை அவளுக்குப் போர்த்து, தொண்டையைச் செருமி, பொக்கற்றிலை இருந்து பேச்சை எடுத்தார். அவள் பொன்னாடையோடையே பையைத் தூக்கினாள்: "அங்கிள், பேச்சை நாளைக்குக் கேக்கிறன், இப்ப எனக்கு லாப் இருக்கு."

இப்ப கூட்டமெல்லாம் தேத்தண்ணி ஆறமுன்னமே முடிஞ்சுபோகுது, எனக்குத்தான் சுடச்சுடக் குடிச்சுப் பழக்கமில்லாமல் நாக்குச் சுடுகுது.