பள்ளிக்கூடத்துக் குழாயும் கத்திரி அக்காவும்

இடப்பக்கம் முடித்துவிட்டு வலப்பக்கம் வரும்போதுதான் கத்தரிக்கோலை நிறுத்துவார். நாற்காலியைச் சரக்கென்று தன் பக்கம் திருப்பி, "உங்க பொண்ணு ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறாளா இல்லையா, என்னிக்காவது கேட்டீங்களா?" என்பார். பாதி வெட்டிய தலையோடு யார் எழுந்து ஓட முடியும்? பெற்றோர் கூட்டத்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் வலப்பக்க முடிக்கு விமோசனம்.

பெண்களுக்கு முடி வெட்டும் சின்னக் கடை. எதிரே அரசுப் பள்ளி. தெருவே அவரைக் கத்திரி அக்கா என்கிறது. பேசும் வேகத்தில் கை கொஞ்சம் தவறும். கூட்டத்துக்கு வரும் அம்மாக்களில் பாதிப் பேருக்கு இரண்டு பக்கமும் ஒரே நீளமாக இருக்காது. எனக்கும்தான். வேறு கடைக்குப் போயேன் என்கிறார் என் வீட்டுக்காரர். போகலாம்தான். ஆனால் என் மகனும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான்.

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆள் இல்லாத நேரத்தில் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். அடுக்கிய சீப்புகளைக் கலைத்து அடுக்குவார். நடுநடுவே, தோளில் தொங்கும் ஸ்டீல் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்கு. வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். கல்யாண வீட்டுக்கும் அந்தப் பாட்டிலோடுதான் வருவார். "வெளித் தண்ணி நமக்கு ஆகாதுப்பா" என்று காரணமும் சொல்வார்.

பள்ளி வராந்தாவில் ஒரு குளிர்பானக் கம்பெனி இனாமாகக் கொடுத்த ஃபிரிட்ஜ் இருந்தது. இடைவேளை மணி அடித்தால் பிள்ளைகள் அதை மொய்ப்பார்கள். அக்காவின் மகள் நாள் முழுக்கத் தண்ணீரைத் தொடாமல், ஊதா நாக்கோடும் தலைவலியோடும் வீடு வந்து சேருவாள். பல் டாக்டரிடம் நடந்து நடந்து அக்காவின் செருப்பு தேய்ந்தது. ஒருநாள் பொங்கி எழுந்துவிட்டார். ஒரு வருடம் அலைந்து, தலைமையாசிரியையின் உயிரை எடுத்து, ஃபிரிட்ஜைத் தூக்க வைத்தார். அதை வண்டியில் ஏற்றியபோது கடை வாசலில் நின்று, கையில் சீப்போடு கைதட்டினார்.

அங்கேதான் கோட்டைவிட்டார். ஃபிரிட்ஜை எடுக்கச் சொன்னவர் குழாயை எட்டிப் பார்க்கவில்லை. அதில் வந்த தண்ணீரில் துரு வாடை. பிள்ளைகள் என்ன செய்யும்? கேட்டைத் தாண்டித் தெருமுனைக் கடைக்கு ஓடின. அங்கே அதே பானம், இன்னும் பெரிய பாட்டிலில். அப்படி ஓடிய நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று சைக்கிளில் மோதிக் கையை உடைத்துக்கொண்டது. "உள்ள இருந்திருந்தா நம்ம கண்ணு முன்னாடியாவது குடிச்சிருக்கும்ல?" என்று அதன் அப்பா கூட்டத்தில் கத்தினார். அக்கா நேரே குழாயடிக்குப் போய்த் தண்ணீரைக் கையில் பிடித்து முகர்ந்து பார்த்தார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து அக்காவின் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்தார். பிளம்பரை அவர் வீட்டு வாசலிலேயே மடக்கி இழுத்து வந்தார். பழைய பைப் போய்ப் புதியது வந்தது. வடிகட்டி வந்தது, தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் வந்தது. சோதனையில் தண்ணீர் நல்ல தண்ணீர்தான் என்று முடிவும் வந்தது. பிள்ளைகள் மட்டும் வரவில்லை. தலைமையாசிரியை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "நாளைக்குக் கூட்டத்துல கேப்பாங்கம்மா. குழாய்ல யாருமே குடிக்கலைன்னா ஃபிரிட்ஜ் திரும்ப வந்துடும். என்னால தடுக்க முடியாது."

அதை அக்கா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் நாற்காலியில் இருந்தேன். இடப்பக்கம் முடிந்திருந்தது. எதிரே இடைவேளை மணி அடித்தது.

"எந்திரிங்க, ஒரு நிமிஷம் போயிட்டு வந்துடலாம்."

"இந்தக் கோலத்துலயா?"

"உங்களை யாரு பாக்கப் போறா? வாங்க."

கழுத்தில் கட்டிய துணியும் ஈரத் தலையுமாக என்னைத் தெருவைத் தாண்டி இழுத்துப் போனார். வாட்ச்மேன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டைத் திறந்தார்.

வராந்தாவில் புதுக் குழாய்கள் பளபளத்தன. பிள்ளைகள் கொஞ்சம் தள்ளி நின்று எங்களை, குறிப்பாக என் தலையை, வேடிக்கை பார்த்தார்கள். "குடிங்க கண்ணுங்களா, ஜில்லுனு இருக்கு, சுத்தமா இருக்கு" என்று அக்கா கெஞ்சினார். பிறகு அதட்டினார். ஒருவரும் அசையவில்லை.

பிள்ளைகள் கூட்டத்திலிருந்து அக்காவின் மகள் முன்னால் வந்தாள். ஃபிரிட்ஜ் போனதிலிருந்து வகுப்பில் பாதிப் பேர் அவளோடு பேசுவதில்லை.

"நீ குடிச்சிருக்கியாம்மா?"

"நான் எதுக்குடி? எங்கிட்டதான் வீட்டுத் தண்ணி..."

அக்கா பாதியில் நின்றார். எல்லாக் கண்களும் அந்த ஸ்டீல் பாட்டில்மேல் இருந்தன. இத்தனை மாதம் பக்கத்திலேயே இருந்த எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கத்திரி அக்கா மூடியைத் திறந்து, வீட்டுத் தண்ணீரை வராந்தா ஓரத்துச் செடியில் கவிழ்த்தார். பாட்டிலைக் குழாயில் பிடித்து நிரப்பி, அண்ணாந்து, மூச்சு வாங்காமல் குடித்து முடித்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். பிறகு மறுபடியும் அதே குழாயில் பாட்டிலை நிரப்பி, மூடியைத் திருகி, தோளில் மாட்டிக்கொண்டார்.